மாவுப்பூச்சி ஏறிய செம்பருத்தி

இலங்கையில் கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், இலட்சுமி தன் பப்பாளி மரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி படும்போதெல்லாம் வெள்ளை மாவு தலையில் கொட்டியது. இரண்டாயிரத்தெட்டில் வந்த இந்த மாவுப்பூச்சி தண்டு, இலை, காய் எதையும் விட்டுவைக்கவில்லை. நேற்று இந்த லயம், விடிந்தால் அடுத்த லயம். சத்தமுமில்லை, பறப்பதுமில்லை. எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ!

கங்காணி சின்னத்தம்பி விவசாய அதிகாரி மஹத்தயாவோடு வந்தார். மஹத்தயா சிங்களத்தில் படித்த பட்டியலைக் கங்காணி தமிழில் சொன்னார்.

"பப்பாளி, மரவள்ளி, செம்பருத்தி. பூச்சி ஏறுன மரத்தயெல்லாம் பார்க்கணுமாம்."

செம்பருத்தி என்றதும் இலட்சுமி வெட்டுவதை நிறுத்தினாள். மயானத்தில் மகள் ஷாமிளாவைப் புதைத்த இடத்துக்கு அந்தச் செடிதான் ஒரே அடையாளம். காய்ச்சலில் போனபோது பிள்ளைக்கு ஆறு வயது. கல் வைக்கத் தோட்டத்தில் விடமாட்டார்கள். செடிக்கொம்பு மட்டும் ஊன்றலாம்.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். மற்றக் குழிகளின் செடிகள் பச்சையாக நின்றன. ஷாமிளாவின் செடி மட்டும் உச்சிமுதல் அடிவரை வெளுத்திருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் சுருண்ட இலைகள் அசைவதுபோல் தெரிந்தது. கிட்டப் போனாள். எறும்புகள்! அடியில் கிடந்த பப்பாளித் தோல்களிலிருந்து வெள்ளைப் பூச்சிகளைக் கவ்விக்கொண்டு தண்டு நெடுக ஏறிக்கொண்டிருந்தன. பிள்ளைக்குப் பிடித்த பழமென்று வெள்ளிக்கிழமைதோறும் அவள் கொண்டுவந்து படைத்தவை.

"நாந்தாங்க கொண்டாந்தேன்," என்று பின்னால் வந்த கங்காணியிடம் அழுதாள். "சவுக்காரத் தண்ணி ஊத்திக் கழுவிர்றேன். வெட்டாதீங்க."

"கழுவுனா போதும்னுதான் மஹத்தயாவும் சொன்னாரு, இலச்சுமி. தோட்டத்துத் தொரதான் மயானத்துல ஒண்ணையும் விடாதேங்கிறாரு. நா என்னா செய்ய?"

பச்சையாக நின்றவையும் சேர்ந்தே எரிந்தன. குழிமேடுகளை மழை எப்போதோ கரைத்திருந்தது. சாம்பலுக்குள் எது யாருடைய இடமென்று பெற்றவர்களுக்கே தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அங்கே வரிசையாகக் குச்சி நட்டிருந்தார்கள். ரப்பர் கன்று வைக்கக் குழி வெட்டும் வேலை. இலட்சுமிக்கும் ஒரு வரிசை கிடைத்தது. ஏழு குழிகளில் மண் கல்லாக இருந்தது. எட்டாவதில் மண்வெட்டி சுளுவாக இறங்கியது. முன்பே ஒருமுறை தோண்டி மூடிய மண். அவள் மேலே வெட்டவில்லை.

"என்னா நிக்கிற? இன்னும் ஒரு அடி போவணும்!" என்று தூரத்திலிருந்து கங்காணி சத்தம் போட்டார்.

இலட்சுமி மண்வெட்டியை ஓரமாக வைத்தாள். மண்டியிட்டு, விரல்களால் மண்ணை மெல்ல மெல்ல அள்ளத் தொடங்கினாள்.