அவசரம் லேது

தெலுங்கு ஊரான நாச்சாரத்தின் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குள் ஆஞ்சநேயுலு ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. ஆனாலும் பல வருடங்களாக அதைச் சோதனை செய்யும் கல்வி அதிகாரி அவர்தான். வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமல் ஒரு ஹார்ன் அடிப்பார், கூரை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார். சோதனை முடிந்தது.

வேதவல்லி, கணவரின் மாற்றலோடு கும்பகோணத்திலிருந்து வந்தவள். தமிழ் தெரிந்த ஆள் என்று தற்காலிக வேலைக்கு எடுத்தார்கள். கூட இருந்த ஒரே டீச்சரும் ஓய்வு பெற்றதும் ஐந்து வகுப்பும் இவள் தலையில் விழுந்தன. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொன்னால் ஒன்றாம் வகுப்பு ஜன்னலில் ஏறும். எல்லாம் ஃபாக்டரித் தொழிலாளிகளின் பிள்ளைகள். இன்னொரு டீச்சர் வராவிட்டால் அவர்கள் படித்தமாதிரிதான்.

அரசாங்கத்துக்கோ அப்போது கம்ப்யூட்டர் பைத்தியம். ஹைடெக் நகரத்தில் அதிகாரிகள் டிமிக்கி கொடுப்பதா? அதிகாரிகளைக் கண்காணிக்க ஒரு குழு, குழுவைக் கண்காணிக்க ஒரு பெரிய அதிகாரி, அவர் கண்ணுக்கு ஒரு வீடியோ கான்ஃபரன்ஸ். ஆசிரியர்களே நேரில் குறை சொல்லலாமாம்.

வேதவல்லி போனாள். ஏசி அறை. திரையில் பெரிய அதிகாரியின் மூக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காலி இடத்தை ஏன் நிரப்பவில்லை என்று கேட்டுவிடுவார்களே என்று ஆஞ்சநேயுலு மூலையில் வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"மேடம், இங்கோ டீச்சர் அவசரமா?" என்று இன்னொரு டீச்சரைப் பற்றித் தெலுங்கில் கேட்டது திரை.

வேதவல்லி ஒரு கணம் யோசித்தாள். அவசரம் என்றால் கையில் கிடைத்த யாரையாவது அனுப்பிவிடுவார்கள். போன தடவை வந்தவருக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. மூன்றாம் நாளே ஓடிவிட்டார். ஒரு மாதம் தாமதமானாலும் தமிழ் தெரிந்தவர் வரட்டுமே.

"அவசரம் லேது சார். கானி, தமிழ்…" அவசரம் இல்லை, ஆனால் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று சொல்ல வந்தாள்.

"வெரி குட்!" என்று திரை அடுத்த பள்ளிக்கூடத்துக்குத் தாவிவிட்டது.

சில வாரம் கழித்து ஆஞ்சநேயுலு முதல்முறையாக ஸ்கூட்டரை அணைத்துவிட்டு இறங்கினார். ஒரு கையில் லட்டுப் பெட்டி, மறு கையில் புதுப் பூட்டு.

"நன்னு காப்பாடாரம்மா!" என்று, தன்னைக் காப்பாற்றியதற்காகக் கும்பிட்டார். டீச்சரே தேவையில்லை என்று அவளே சொல்லிவிட்டதால் அவர்மீது குற்றமில்லையாம், பாராட்டுக்கூடக் கிடைத்ததாம். டீச்சரே தேவையில்லாத பள்ளிக்கூடம் எதற்கு என்று அதை மெயின் ரோட்டுத் தெலுங்குப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்களாம்.

"தேவையில்லன்னு நான் எப்பங்க சொன்னேன்? அவசரம் இல்லன்னுதானே சொன்னேன்!" என்று தமிழும் தெலுங்குமாகக் கேட்டாள்.

"அவசரம் அண்டே காவாலி, அம்மா" என்று அவர் சிரித்தார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. வேதவல்லிக்குத் தன்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம் பெரிது. வாசல்வரை வந்தவன் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால், எந்த மொழியிலும் யாரும் அவனிடம் எதுவும் சொல்ல வேண்டியிருந்திருக்காதே!

"தப்பா சொல்லிட்டேன்னு எழுதித் தரேன். திருப்பி அனுப்புங்க."

"ஃபைல் மேலே போய்விட்டது" என்று தெலுங்கில் சொல்லி அவர் கூரையைக் காட்டினார்.

ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையில் பேனா, கையில் லட்டு.

"டேய், புது சார் வந்துட்டாருடா!"

ஒன்றாம் வகுப்பு நீலா ஓடிவந்து அவர் விரலைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்று கத்தினார்கள்.

என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்டார். பாடம் சொல்லித்தர வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள் என்று வேதவல்லி ஒவ்வொரு தெலுங்கு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

ஆஞ்சநேயுலு நீலாவின் கையில் ஒரு லட்டை வைத்துத் தன் விரலை விடுவித்துக்கொண்டார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லுங்கள், பூட்ட வேண்டும் என்றார். அதை அவள்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.