யாரும் கேட்காத ஆல்பம்

"அந்தக் கருமத்த நிறுத்துறியா, இல்ல போனப் புடுங்கித் தண்ணியில போடவா?"

அங்கம்மா தன் மகன் ரூபேந்திரனைத்தான் கேட்டாள். ஜோகூர் பாருவின் தம்போய் பகுதியில், அவர்கள் வீட்டுக் கூடத்தில் சீர்த் தட்டுகள் பரப்பிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை மகள் ரூபினிக்குக் கல்யாணம். அங்கம்மா தட்டுகளுக்கு ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மகனின் கைப்பேசியில் ஒரு பெண், தன்னை எங்கே, எப்படித் தொட்டால் பிடிக்கும் என்று மூச்சு வாங்கியபடி தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் கணினி இசை தாளம் தவறாமல் இடித்தது.

"இது ஆர்ட்டும்மா. ஜேபி பூரா இதத்தான் கேக்குறாங்க லா."

"ஊரு பூரா கேட்டா அசிங்கம் அழகாயிருமா? எவளோ அடக்கம் இல்லாத சிங்கப்பூர்க்காரி."

ஆல்பத்தின் பெயர் 'ராத்திரி ஷிஃப்ட்'. ஆடுவதற்கென்று செய்த ஏழு பாட்டுகள். இசை என்ற இடத்தில் விவேக் என்று இருந்தது. குரல் என்ற இடத்தில் 'யாரோ' என்று மட்டும் இருந்தது. வெளிவந்த நாளிலிருந்து அதைத் திட்டாதவர் தம்போயில் இல்லை. கேட்டவரும் இல்லை. ரூபினியின் தந்தை மனோகரன் கோயில் நிர்வாகத்தில் இருந்தார். முதல் பாட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டதாகச் சொன்னார். அவர் எழுதிய கண்டனத் தீர்மானம் ஐந்தாம் பாட்டின் இரண்டாம் சரணத்தைக் குறிப்பாக எதிர்த்தது. நிர்வாகத்தில் ஒருவர், "அது மூணாவது சரணம் லா" என்று திருத்தினார். தீர்மானம் திருத்தத்தோடு நிறைவேறியது.

ரூபேந்திரன் ஒருவன்தான் கேட்டதை ஒளிக்கவில்லை. அவன் தனியார் கல்லூரியில் விரிவுரையாளன். 'தன் உடம்புக்குத் தானே சொந்தக்காரி என்று சொல்லும் குரல் இது. அவள் யாராக இருந்தாலும் தலைவணங்குகிறேன்' என்று முகநூலில் எழுதியிருந்தான். பாராட்டுகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

அவன் தலைவணங்கிய குரல் அப்போது சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

பிரேமலா மனோகரனின் தங்கை. எட்டு ஆண்டுகளுக்கு முன் பாசிர் கூடாங் சாலையில் அவள் கணவனின் மோட்டார் சைக்கிளை ஒரு லாரி இடித்தது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டின் பின்னறை அவளுக்கு. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அங்கே இயந்திரம் பழுது பார்க்கும் விவேக், தொழிற்சாலைப் பேருந்தில் அவள் முனகும் மெட்டைக் கேட்டுவிட்டு, "அக்கா, பாடுறீங்களா?" என்று கேட்டான். சொற்களை அவளே எழுதினாள். கார்ப் பட்டறைக்கு மேலே ஓர் அறையில் வேலை முடிந்த காலைகளில் பாடினாள். வெட்கம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை.

அங்கம்மா சமையலறைக்குள் வந்தாள்.

"பிரேமா, தப்பா நெனச்சுக்காத. ரூபினி என்னமோ சொல்றா, மண்டபத்துல மொதத் தட்ட அத்ததான் தூக்கணுமாம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாப்பாங்க. நீ சாப்பாட்டுப் பக்கம் நின்னுக்க."

"சரி அண்ணி."

"நானா சொல்லல. ஊரு சொல்லும். நாளைக்கு இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னயத்தான் சொல்வாங்க. நல்ல சேலையே கட்டு. ரொம்ப எடுப்பா வேணாம்."

"சரி அண்ணி."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ரூபினி கூடத்துக்குப் போனாள்.

"அண்ணே, நீதான் அம்மாகிட்டச் சொல்லணும். நீ சொன்னா கேப்பாங்க."

"கல்யாண நேரத்துல எதுக்கு சண்ட? இதெல்லாம் மெதுவாத்தான் மாறும்" என்று சொல்லிவிட்டு, ரூபேந்திரன் முகநூலில் தன்னை எதிர்த்து எழுதியிருந்த ஒருவனுக்குப் பதில் எழுதத் தொடங்கினான்.

ரூபினி கொல்லைப்புறம் போனாள். அங்கே பிரேமலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அந்த ஆல்பத்துல மொதப் பாட்டு தொடங்கும்போது ஒரு முனகல் வருது. நீங்க பாத்திரம் கழுவுறப்ப வர்ற அதே முனகல்."

பிரேமலாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

"யாருக்குடி தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நான் எங்கடி போவேன்? எனக்கு இந்த ஒரு ரூம விட்டா என்ன இருக்கு?"

ரூபினி துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க முன்னால வரலன்னா நானும் மண்டபத்துக்குள்ள வர மாட்டேன்" என்றாள். சின்னப் பெண் பேச்சு என்று பிரேமலா அடுத்த துணியை உதறினாள்.

மாலையில் ரூபினி, மணமக்கள் நுழைவதற்கான இசை என்று சொல்லித் தாய்க்கு அந்த முனகலை மட்டும் போட்டுக் காட்டினாள். சொற்கள் இல்லாத பகுதி. அங்கம்மா ஜிகினாத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். கொஞ்சம் கூடுதல் நேரமே கேட்டாள்.

"சாமிப் பாட்டு மாதிரி இருக்கு. போடச் சொல்லு."

ஞாயிறு காலை கோயிலில் தாலி ஏறியது. மாலை விருந்துக்கு மண்டபம் நிறைந்தது. சிவப்புக் கம்பளத்தின் முனையில் ரூபினியும் மாப்பிள்ளை குணாளனும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சுமங்கலிகள் தட்டுகளோடு இரண்டு வரிசையாக நின்றார்கள். மண்டபத்தின் மறுகோடியில், சமையல்கட்டுக் கதவோரம், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பிரேமலா நின்றாள். வெளிர் நிறச் சேலை.

ரூபேந்திரன்தான் அறிவிப்பாளன். "பொண்ணு மாப்பிள்ள வர்றாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றான். ஒலிபெருக்கியில் முனகல் தொடங்கியது.

எங்கும் தலைகள் லேசாக ஆடின. பிறகு, ஆடுவது எந்தப் பாட்டுக்கு என்று நினைவு வந்து, ஒவ்வொன்றாக நின்றன. தட்டுக்காரப் பெண்கள் நடந்து மேடையை அடைந்துவிட்டார்கள். ரூபினி மட்டும் அடியெடுத்து வைக்கவில்லை. குணாளன் மெல்ல, "வா லா" என்றான். அவள் மண்டபத்தின் மறுகோடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முனகல் நீண்டுகொண்டே போனது. அது முடிந்தால் சொற்கள் தொடங்கும். என்ன சொற்கள் என்பது அந்த ஆல்பத்தைக் கேட்டே இராத அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா கமலாட்சி முன்கூட்டியே பேரனின் காதுகளைப் பொத்தினார். கோயில் நிர்வாகத்தில் இருவர் தண்ணீர் குடித்தார்கள். மனோகரன் இசைக்காரனை நோக்கி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஏன் ஓடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

பிரேமலா இதையெல்லாம் பார்த்தாள். கம்பளத்தின் முனையில் தனக்காக நிற்கும் பெண்ணைப் பார்த்தாள். பின்னறையை நினைத்துக்கொண்டாள். ஐஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

ரூபினி கையை உயர்த்தினாள். ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடி இசைக்காரன் பாட்டை அங்கேயே வெட்டினான்.

முனகல் நிற்கவில்லை. அதே மெட்டு, அதே குரல், அதே இடத்தில் மூச்சு வாங்கி, ஒலிபெருக்கி இல்லாமல் மண்டபத்தின் நடுவிலிருந்து வந்தது. பிரேமலா முனகிக்கொண்டே போய் ரூபினியின் கையைப் பிடித்துக் கம்பளத்தில் அழைத்து வந்தாள். பாதி வழியில்தான் ரூபேந்திரனுக்கு விளங்கியது. அவன் அடுத்து வாசிக்க வேண்டிய வரவேற்பு கையிலேயே இருந்தது. வாசிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் தன் பழைய பதிவைத் தேடிக் கண்டுபிடித்து அழித்தான். அது தன் வீட்டிலேயே இருக்கும் அத்தையின் குரலாக இருக்கக்கூடும் என்று நினைத்து அவன் அதைப் புகழ்ந்திருக்கவில்லை.

மற்றவர்கள் அசையவில்லை. கைம்பெண் முன்னால் வரக்கூடாது என்று சொல்ல நாலைந்து வாய்கள் திறந்தன. ஆனால் அவள் முனகிக்கொண்டே வந்தாள். அந்தக் குரலை அடையாளம் தெரிந்துகொண்டு முகம் சுளிக்க வேண்டுமானால், அதை எங்கே கேட்டோம் என்று முதலில் சொல்ல வேண்டும். திறந்த வாய்கள் மூடின. ஒருவர் கைதட்டத் தொடங்கினார். வேறு வழி தெரியாமல் மற்றவர்களும் தட்டினார்கள்.

சாப்பாட்டு மேசையில் கமலாட்சி அங்கம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஒங்க நாத்தனா கொரல் நல்லா இருக்கே சம்மந்தி. எங்கியோ கேட்ட மாதிரி இருக்கு."

அங்கம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். மேடையில் பிரேமலா ரூபினிக்கு ஜாக்கெட்டின் ஊக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்க கேட்டீங்க?"

கமலாட்சி கொஞ்சம் யோசித்தார். "ரேடியோவுலதான்."

"அதெல்லாம் ரேடியோவுல வராதே" என்றாள் அங்கம்மா.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அங்கம்மா கறிக் கிண்ணத்தைச் சம்பந்தியின் பக்கம் நகர்த்தினாள். இருவரும் குனிந்து சாப்பிட்டார்கள்.