நகர்த்தக் கூடாத தண்ணீர்

ஜாசின் டவுனுக்கு வெளியே, தாமான் குடியிருப்பின் கடைவரிசையில், டோபி கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் மெஷின் இருக்கிறது. காசு போட்டால் சுத்தம் செய்த தண்ணீர் கொட்டும். ராகினி மூன்றாவது போத்தலை அதன் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பின்னால் காத்திருந்த பக்கத்து வீட்டு அங்கமுத்து மாமா, "என்னம்மா, வீட்டுல பைப்புல தண்ணி வரலையா? இல்ல தம்பி கல்யாணத்துக்கு இப்பவே சேத்து வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"மீனுக்கு மாமா."

"மீனுக்கு மெஷின் தண்ணி, நமக்குப் பைப்புத் தண்ணி. நடக்கட்டும் லா, நடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு போத்தல்களை அவரே தூக்கிக்கொண்டுபோய் அவள் காரில் வைத்தார். மீன் இன்னும் வாங்கவில்லை என்பதை ராகினி அவரிடம் சொல்லவில்லை.

முறைப்படி சொன்னால், இது தம்பி ஹரிதாஸின் கல்யாணப் பேச்சில் தொடங்கியது. ராகினி புருஷனைப் பிரிந்து, கோர்ட்டில் எல்லாம் முடிந்து, இரண்டு பெட்டிகளோடு அம்மா வீட்டுக்குத் திரும்பியபோது முன்பக்கத்து அறை காலியாகக் கிடந்தது. அப்பா போன பிறகு அதில் யாரும் படுப்பதில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் புதுத் தலையணை உறை போட்டுக் கொடுத்தாள். அந்த அறையில்தான் ராகினி அழுது முடித்தாள், மலாக்கா டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை தேடிக்கொண்டாள், ராத்திரி கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பழகினாள். ஹரிதாஸுக்கு பவானேஸ்வரியை நிச்சயம் செய்த பிறகு ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கீரையைப் பார்த்தே சொன்னாள்: "புதுப் பொண்ணு வர்ற வீடு. அவங்களுக்கு முன் ரூம்தான் சரிப்படும்." யார் எங்கே போக வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை. சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு இழுத்த சின்ன அறை ஒன்று இருந்தது. அரிசி மூட்டையும், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பெரிய பாத்திரங்களும், பழைய கட்டில் ஒன்றும் அங்கே கிடந்தன. சொல்லாமல் விட்டதை விளங்கிக்கொள்ள ராகினிக்குத் தெரியும். புகுந்த வீட்டில் அந்தப் படிப்பைத்தான் படித்துவிட்டு வந்திருந்தாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மிச்ச முடிச்சுகளை அவன் கூடப்பிறந்தவள் போடுவது வழக்கம். அதற்குச் சித்தி மகள் உஷாராணியைக் கேட்டு, அவளுக்குப் பட்டுச் சேலையும் எடுத்தாயிற்று என்பதை, அலமாரிக்கு மேல் இருந்த கடைப்பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பையை மடிப்புக் கலையாமல் மறுபடி வைத்தாள். அடுத்த நாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல், கடலையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கிளேபாங் பக்கம் காரைவிட்டாள்.

கடல் அன்றைக்குச் சேறாகத்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில், தின்பண்டக் கடைகளுக்குப் பின்னால், நீல வெளிச்சம் கசிகிற ஒரு மீன் கடை கண்ணில் பட்டது. அதை நடத்துகிற ரஷீதாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு ஒரு தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள்.

"சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றாள் ராகினி.

"பாருங்கக்கா. பாக்குறதுக்கு வரி போடல இன்னும்."

கையகலப் பாறையின் மேல் பச்சையாகவும் ஊதாவாகவும் ஏதேதோ அசைந்தன. பூ என்று நினைத்தாள். ரஷீதா விரலை நீட்டியதும் அவை உள்ளே சுருங்கின. இந்த மாதிரி சின்னதாக ஒன்றை வீட்டில் வைக்க முடியுமா என்று ராகினி கேட்டாள்.

"வைக்கலாம். ஆனா தங்கமீனு மாதிரி இல்ல. இன்னிக்கு வாங்கி இன்னிக்கே மீன விட்டா, நாளைக்கு மிதக்கும். மொதல்ல தண்ணிய வளக்கணும். தண்ணி வளந்த பெறகுதான் மீனு."

"தண்ணிய எப்படி வளக்குறது?"

"உப்பு கலந்து, கடல் கல்லப் போட்டுட்டு சும்மா இருக்கணும். அதாங்கா கஷ்டம். பாதிப் பேரு சும்மா இருக்க மாட்டாம கெடுத்துக்கிறாங்க." கையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்: "எங்க வைக்கிறதுன்னு மட்டும் நல்லா யோசிச்சு வைங்க. தண்ணி நிரப்பிக் கல்லு உக்காந்துட்டா அப்புறம் நகத்தக் கூடாது. நகத்துனா உள்ள இருக்கிறது போயிடும்."

அதுவரை ராகினி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்குப் பிறகு தொட்டிகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

வாங்கி வந்த தொட்டியையும் அதன் இரும்புத் தாங்கியையும் முன் அறையில், வெயில் படாத சுவரோரமாக வைத்தாள். மறுமுனையைப் பிடித்தது ஹரிதாஸ்தான். "கா, இவ்ளோ கனமா?" என்று மட்டும் கேட்டான். மெஷின் தண்ணீரில் கடல் உப்பைக் கொட்டி, சின்ன மோட்டாரை ஓடவிட்டு, தெளியும்வரை காத்திருந்தாள். ரஷீதா கடையில் வாங்கிய சின்னக் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உப்பை அளந்தாள். ஈரச் செய்தித்தாளில் சுற்றி வந்த கற்களைப் பிரித்ததும் கடல் நாற்றம் ஹால்வரை போனது. அம்மா வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "முன் ரூமக் கருவாட்டுக் கடை ஆக்கிட்டா" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். ராகினிக்கு அது காதில் இனித்தது. வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்பது அவளுக்கே தெரியும். பேசிச் சண்டைபோடத் தெரியாதவள், கல்லையும் தண்ணீரையும் கொண்டுவந்து வழியில் போட்டாள்.

பிறகு காத்திருப்பு. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் பச்சையாகும். பச்சை என்றால் விஷம் இருக்கிறது, மீன் கூடாது. மஞ்சளாகும்வரை பொறுக்க வேண்டும். பச்சை அடர்ந்து கறுத்தது. மணல்மேல் பழுப்பாகப் பாசி படர்ந்து, தொட்டியே சாக்கடை மாதிரி ஆனது. வெக்கைக்காகத் தொட்டிமேல் மாட்டிய சின்ன மின்விசிறியின் காற்றில் தண்ணீர் மளமளவென்று இறங்க, ராகினி உப்பு கலந்த தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினாள். கருவியில் உப்பு ஏறிக்கொண்டே போனது. பயந்துபோய் ரஷீதாவுக்கு போன் செய்தாள்.

"ஐயோக்கா, தண்ணிதான் காத்தாப் போவும். உப்பு எங்க போவும்? அது அங்கயேதான் கெடக்கும். வெறும் தண்ணிய ஊத்துங்க."

அப்படித்தான் தண்ணீர் மெஷினுக்கும் வீட்டுக்குமாக அவள் அலையத் தொடங்கினாள். அங்கமுத்து மாமா பார்த்தது அந்த நாட்களில்தான்.

ஒரு காலையில், கிளினிக்குக்குக் கிளம்பும் அவசரத்தில், கல்லின் பொந்திலிருந்து ஏதோ நீண்டிருப்பதைக் கண்டாள். பனைவிசிறியைக் கடுகளவுக்குச் சுருக்கியதுபோல ஒரு விசிறி. அவள் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது. அசையாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து, சந்தேகத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக அது மறுபடியும் வெளியே வந்தது. கடலிலிருந்து பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றி, காரின் டிக்கியில் வந்து, அந்தப் பச்சை விஷத்தையும் தாண்டி உயிரோடு இருந்திருக்கிறது. அவளை அது கேட்டுக்கொண்டு வரவில்லை. தன் வழக்குக்கு இதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்று முதல் தடவையாக அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனாள்.

கல்யாணம் நெருங்கியது. அலமாரி செய்கிறவர்கள் வந்து முன் அறையை அளந்தார்கள். தொட்டி இருந்த சுவரை அளக்கும்போது அம்மா, "அது இருக்காது, நீங்க முழுசா அளங்க" என்றாள். அன்று சாயந்தரம் ஹரிதாஸ் கதவில் சாய்ந்து நின்றான். உள்ளே வரவில்லை. சின்னப் பிள்ளையில் தப்புச் செய்துவிட்டு நிற்பதும் இதே மாதிரிதான்.

"கா. இத ஹால்ல வச்சுக்கலாமா? டி.வி. பக்கத்துல. நல்லாத்தானே இருக்கும், வர்றவங்களும் பாப்பாங்க."

"நகத்துனா செத்துரும்டா."

அவன் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தான். கல், மணல், தண்ணீர். "ஒண்ணுமே இல்லையேக்கா. எது சாவும்?"

"இருக்கு."

ஹரிதாஸ் இன்னும் கொஞ்ச நேரம் தேடினான். பிறகு, "பவானேஸ் எந்த ரூம்னாலும் சரின்னுதான் சொல்லுது. அம்மாதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டான். தம்பி நல்லவன். எப்போதும் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிற நல்லவன்.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாகவே நின்ற வாரம், ரஷீதா ஒரே ஒரு ஆரஞ்சு வரி மீனையும், புல் மாதிரி ஆடுகிற பச்சைப் பவளத்துண்டு ஒன்றையும் கொடுத்தாள். மீன் முதல்நாள் முழுக்கக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அம்மா பார்க்க வரவில்லை. ஆனால் மறுநாள், "அது சாப்புட்டுச்சா?" என்று ஒரு கேள்வி அடுப்படியிலிருந்து வந்தது. ராகினி, "ம்" என்றாள்.

அடுத்த வாரமே அந்த மழை. ராகினி கிளினிக்கில் வந்தவர்களின் பேரைப் பதிந்துகொண்டிருந்தபோது தாமான் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: இடி விழுந்து கரண்ட் போய்விட்டது, எப்போது வரும் என்று தெரியாது. வெளியே போய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கரண்ட் போச்சாம்மா?"

"அப்பவே போச்சு. துணியெல்லாம் உள்ள இழுத்துப் போட்டேன். ஊத்துது இங்க."

"தொட்டியில மோட்டார் நின்னுருக்கும். தண்ணி ஓடலன்னா அதுக்கு மூச்சு முட்டும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒரு மக்குல மொண்டு, கொஞ்சம் மேலருந்து திரும்ப ஊத்தணும். காத்து கலக்கணும்மா."

"எவ்ளோ நேரம்?"

"கரண்டு வர்ற வரைக்கும்."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாலும், ஜாசின் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. வைப்பர் போதவில்லை. ராகினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தாள். அம்மா எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஹாலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சாயந்தரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். தொட்டியைக் கழுவி வெளியே கவிழ்த்துவிடலாம், அறையும் காலியாகும், யாரும் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையிருக்காது. பழி இடிக்குத்தான் போகும். அம்மாவின் இடத்தில் தான் இருந்தால் எழுந்து போவோமா என்று கேட்டுப் பார்த்தாள். ஒரு லோரியைத் தாண்டிப் போகும்வரை அந்தக் கேள்வி நின்றது.

வீடு இருண்டிருந்தது. ஹாலில் அம்மா இல்லை. முன் அறையிலிருந்து, யாரோ தேநீர் ஆற்றுகிற சத்தம் வந்தது.

ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, கைலியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா தொட்டியருகே நின்றாள். ஒரு கையில் எவர்சில்வர் மக்கு, மறு கையில் சொம்பு. மொண்ட தண்ணீரை மக்கிலிருந்து சொம்புக்கு, தலைக்கு மேலிருந்து இடுப்புவரை, நூல் அறுபடாமல் இழுத்து ஆற்றினாள். நுரை கட்டியதும் மெதுவாகத் தொட்டியில் விட்டாள். மறுபடியும் மொண்டாள். தரையெல்லாம் ஈரம்.

"நீ சொன்ன மாதிரி செஞ்சா சரிப்படல" என்றாள் திரும்பாமல். "மேல மேல வந்து வாயத் தொறந்துச்சு. இப்படி ஆத்தி ஊத்துன பெறகுதான் கீழ போயிருக்கு. அந்தக் கல்லுக்கிட்ட பாரு."

மீன் கல்லோரமாகச் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு நின்றது. பச்சைப் பவளம் மூடிக்கொண்டிருந்தது. செத்ததா, உறங்குகிறதா, சொல்ல முடியவில்லை.

"குடுங்கம்மா. நான் ஊத்துறேன்."

"இரு. துணிய மாத்து மொதல்ல. சொட்டச் சொட்ட நிக்குற."

ராகினி நகரவில்லை. அம்மா இன்னும் இரண்டு தடவை ஆற்றினாள். பிறகு, சொம்பைப் பார்த்தபடி, "பின் ரூம்ல ஒழுகுது" என்றாள். "இன்னிக்குத்தான் பாத்தேன். கட்டில் மெத்தை எல்லாம் நனஞ்சு போச்சு. அங்க எப்படி ஒரு ஆளு படுக்குறது."

எந்த ஆள் என்று ராகினி கேட்கவில்லை. கூரையைச் சரிசெய்யச் சொல்கிறாளா, அந்த அறையே வேண்டாம் என்கிறாளா, அதையும் கேட்கவில்லை. கையை நீட்டினாள். இந்தத் தடவை அம்மா மக்கையும் சொம்பையும் கொடுத்தாள்.

எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவது என்று ராகினிக்குச் சரியாக வரவில்லை. முதல் தடவை பாதி அவள் மேலேயே கொட்டியது. "இன்னும் தூக்கு" என்று சொல்லிவிட்டு, அம்மா ராகினியின் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். மழை வெளிச்சத்தில் அந்தக் கைகள் முழங்கைவரை வெளுத்திருந்தன. தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் தோலின் சுருக்கங்களில் மெல்லிய கோடுகளாகப் படிந்திருந்தது. அம்மா அதைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, மேலேயும் கீழேயுமாகப் போய்வருகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.