பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில்

முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமானவள் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். நான் என்ன செய்வேன், மெஷினை மிதிக்கும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது. பாபினில் நூல் தீர்ந்தாலும் சிரிக்கிறேன், ஊசி உடைந்தாலும் சிரிக்கிறேன்.

நாங்கள் தைப்பது கொடி மட்டும்தான். மாடியில் நீளமான ஒரே அறை, ஜன்னலோரமாக மூன்று மெஷின். இடது பக்கம் என் அக்கா, வலது பக்கம் அண்ணன் மனைவி, அதாவது அண்ணி, நடுவில் நான். அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். உலகத்தின் சண்டை சமாதானம் எல்லாம் எங்களுக்குத் துணியாகத்தான் வந்து சேரும்.

எனக்கு வரப்போகிறவர், பல நாட்டுக்காரர்கள் கூடுகிற பெரிய மண்டபத்தில் கொடிகளுக்குப் பொறுப்பாளர். கம்பத்தில் மாட்டுவது, கோணல் இல்லாமல் பார்ப்பது, கூட்டம் முடிந்ததும் மடித்து வைப்பது, இதுதான் வேலை. ஒரு நாள் கொடி மூட்டையைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். மனுஷர் விடவில்லை. பிலிப்பைன்ஸ் கொடியைக் கையில் எடுத்து, அமைதிக் காலத்தில் நீலம் மேலே, போர் வந்தால் அதையே தலைகீழாக்கிச் சிவப்பை மேலே கொண்டுவந்துவிடுவார்கள் என்றார். லிக்டன்ஸ்டைனும் ஹைட்டியும் ஒலிம்பிக்ஸுக்குப் போன இடத்தில், இருவர் கொடியும் ஒன்றாக இருப்பதைக் கண்டு விழித்த கதையைச் சொன்னார். அடுத்த வருஷமே லிக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தை வைத்துக்கொண்டதாம். ஒரே மாதிரி உடுப்பில் ரெண்டு பேர் விசேஷத்துக்கு வந்து நின்றால் ஒருத்தி ஓடிப்போய் நகையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு வீட்டுக்கு வழியே மறந்துபோனது.

இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வெளியாள் யாரும் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம், என் பக்கத்துச் சாட்சிகள் அக்காவும் அண்ணியும் என்று முடிவானதுமே, இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தது யார் என்று பேச்சு வந்தது. மூட்டையோடு என்னை மண்டபத்துக்கு அனுப்பியது தான்தான் என்றாள் அக்கா. அன்றைக்கு இவளைப் பிடித்து உட்காரவைத்துத் தலைவாரிவிட்டது யார், அந்தப் பரட்டைத் தலையோடு போயிருந்தால் காவலாளியே உள்ளே விட்டிருக்க மாட்டான் என்றார் அண்ணி. பேச்சு தடித்தது. அவள் கையெழுத்துப் போட்டால் நான் போட மாட்டேன் என்றாள் அக்கா. அவர்கள் போட்டால் அங்கே எனக்கு என்ன வேலை என்றார் அண்ணி.

அம்மா அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியது இந்த இரண்டு பேரும்தான். ஒருத்தி வந்து ஒருத்தி வராத கல்யாணம் எனக்கு வேண்டாம். வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தேனே தவிர, உள்ளுக்குள் வெள்ளிக்கிழமையை நினைத்தாலே பயமாக இருந்தது.

பதினோரு நாளாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கத்தரிக்கோல் வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது வெள்ளிக்கிழமை கல்யாணம் வைத்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை மண்டபத்திலிருந்து அவசரமாக இரண்டு கொடி கேட்டார்கள். அயர்லாந்து ஒன்று, ஐவரி கோஸ்ட் ஒன்று. இரண்டுக்கும் அதே பச்சை, வெள்ளை, ஆரஞ்சுப் பட்டைகள்தான். அயர்லாந்துக்குக் கம்பத்தை ஒட்டிப் பச்சை வர வேண்டும், ஐவரி கோஸ்டுக்கு ஆரஞ்சு. மண்டபத்தில் எல்லாக் கொடியும் ஒரே அளவு. ஆகவே எந்த ஓரத்தில் கம்பு நுழைகிற பையைத் தைக்கிறோமோ, அதை வைத்துத்தான் அது எந்த நாடு என்பதே.

பச்சைப் பட்டை இரண்டும் அக்காவிடம், ஆரஞ்சு இரண்டும் அண்ணியிடம். ஆளுக்கு ஒரு பட்டையில் மட்டும் பை தைக்க வேண்டும். மற்ற நாளாக இருந்தால் ஒன்றா இரண்டா என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி பதில் சொல்லியிருப்பாள். இப்போது தூது நான். தூதுக்காரியின் காதில் போன், போனில் அவர். பச்சைக்குப் பை தை என்று அக்காவிடம் சொன்னேன், ஆரஞ்சுக்குப் பை தைங்க என்று அண்ணியிடம் சொன்னேன். இருவரும் இரண்டிலும் தைத்து வைத்தார்கள். நடுவில் வெள்ளையை வைத்து இணைத்தது நான், இஸ்திரி போட்டது நான், கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். கொடியை அவர் கையில் கொடுக்கும்வரை அவரோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவரே இரண்டு கொடியோடும் மாடி ஏறி வந்தார். விரித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரத்திலும் பை.

"இந்தப் பக்கம் மாட்டினா அயர்லாந்து, அந்தப் பக்கம் மாட்டினா ஐவரி கோஸ்ட். நான் எதை எதுன்னு மாட்டுறது? பதினோரு மணிக்குக் கூட்டம்."

பை எங்கே தைப்பது என்றுகூடத் தெரியாதா என்று அவளிடம் கேள் என்றாள் அக்கா, என்னிடம். பெரியவர்களே இப்படிச் செய்தால் என்று ஆரம்பித்தார் அண்ணி, அதுவும் என்னிடம். சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று அவர் வேறு நடுவில் புகுந்து, அயர்லாந்துக் கொடியில் பச்சை ஒரு தரப்பு, ஆரஞ்சு இன்னொரு தரப்பு, வெள்ளை இருவருக்கும் இடையில் வேண்டிய அமைதி என்று விளக்கம் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். அந்த வெள்ளையை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தையல் விட்டுப்போகாதா?

"இனிமே நான் யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன். தப்பு என்னோடதுதான். போன்ல பேசிக்கிட்டே சொன்னேன், பேசிக்கிட்டே தைச்சேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

முகத்தை மூடிக்கொண்டு அழத்தான் நினைத்தேன். பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அண்ணி மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டயும் பை தைன்னு மட்டும்தான் சொன்னாளாக்கா?"

"ஆமா. எத்தனைன்னு கேட்டேன். இவ சிரிச்சா."

"என்கிட்டயும் சிரிச்சா."

பதினோரு நாளில் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்புறம் அடைமழை. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள். சின்ன வயதில் நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனதுவரை வெளியே வந்தது. திட்டிக்கொண்டே அண்ணி வேண்டாத பையைப் பிரிக்க, அக்கா அந்த ஓரத்தை மடித்துத் தைத்தாள். என்னைத் தொடவே விடவில்லை. கொடி சரியானதும் அக்கா அவரைப் பார்த்து எழுந்தாள்.

"தம்பி, பொண்ணு இப்படித்தான். பின்னாடி என்னைக் கேக்கக்கூடாது. இந்தச் சம்பந்தத்தை முடிச்சு வச்சது அண்ணிக்காரிதான்."

"ஐயோ, நான் தலைதானே வாரிவிட்டேன். மண்டபத்துக்கு அனுப்பினது நீங்கதானேக்கா," என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்திலும் இதே கூத்து. இருவரும் வந்திருந்தார்கள், அதுவும் ஒரே வண்டியில். ஆனால் முதல் கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. இவளைக் கட்டிவைத்த பழி எனக்கு வேண்டாம் என்று பேனா அக்காவிடமிருந்து அண்ணிக்கும், அண்ணியிடமிருந்து அக்காவுக்கும் போய் வந்தது. வெளியே இன்னும் நான்கு ஜோடி காத்திருந்தது. எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பொண்ணுக்குன்னு பொறுப்பான ஆள் யாராவது இருக்கீங்களா, இல்லையா?"

"நான்தான்," என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.