ஓரம் காய்ந்த விரிப்பு

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவை ஆலையில் பாய்லர் கணவனின் பொறுப்பு. அதன் நீராவியில் சூடாகும் இஸ்திரி உருளை மனைவியின் பொறுப்பு. பதினாறு வருடங்களாக அவன் அனுப்பும் சூட்டில்தான் அவள் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவந்தாள்.

பழைய உருளை தேய்ந்துபோனது. நீராவிக்குப் பதில் சூடான எண்ணெய் ஓடும் உருளை ஒன்று சோதனைக்கு வந்து இறங்கியது. முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார்.

"விக்க வந்தவர் ஆயிரம் சொல்வார். ரெண்டையும் ஓட்டிப் பாத்து, மறுபடி ஆவி உருளையா, இல்ல எண்ணெயான்னு நீ சொல்லு. நீ சொல்றதைத்தான் வாங்குவேன்."

"நம்ம பாய்லரைக் கைவிட்டுடாத," என்றான் கணவன், காதோரமாக.

ஒரே சலவையில் வந்த விரிப்புகளை இரண்டு உருளையிலும் பாதிப் பாதியாக விட்டாள். நீராவி உருளையில் நடுப்பகுதி காய்ந்தது, ஓரம் பிசுபிசுத்தது. இன்னொரு தடவை விட வேண்டியிருந்தது. எண்ணெய் உருளை சூடேற முக்கால் மணி நேரம் இழுத்தடித்தது. ஏறியபின் முனைக்கு முனை ஒரே சூடு. விரிப்புகள் மொடமொடவென்று வந்து விழுந்தன.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். கணவனும் நின்றான்.

"விரிப்புக்கு எண்ணெய்தாம்மா, யோசிக்காம வாங்குங்க," என்றாள். அவன் முகம் சுண்டிப்போனது. "ஆனா பாய்லரை மூடிடாதீங்க. நர்ஸுங்க சட்டைச் சுருக்கம் ஆவி பட்டாத்தான் போகும். எண்ணெய் குழாய்க்குள்ளயே ஓடுது, துணியைத் தொடாது. துவைக்கிற தண்ணியைச் சுட வைக்கவும் ஆவி வேணும்."

"எண்ணெயை யார் பாத்துக்கறது?" என்றார் முதலாளியம்மா.

"சூடு இருநூறு டிகிரியைத் தாண்டும், கசிஞ்சா தீப்பிடிக்கும். பொறுப்பான ஆள் வேணும்." கணவனைக் கை காட்டினாள். "இவரை விட்டா யாரு?"

வீடு திரும்பும்போது அவன் நாலடி முன்னால் நடந்தான்.

"கோவமா?"

"வந்துச்சு, போயிடுச்சு. நீ பேசப் பேச விக்க வந்தவர் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தார், பாத்தியா?"

"எங்க பாத்தேன்? உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

இரண்டு மாதத்தில் புது உருளை ஓடத் தொடங்கியது. எண்ணெய் வேலைக்குப் பயிற்சி முடித்து வந்த அவன், ஆலையைப் பார்க்க வருபவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வான்:

"இது என் வீட்டுக்காரி பாத்து எடுத்த மிஷினுங்க. விரிப்பு ஓரத்தைத் தொட்டுப் பாருங்க!"