வெள்ளைப் பூச்சுக்கு அடியில்

அன்று மணிமேகலை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். கீழ் வீட்டு ஆனந்தவள்ளி மாமி, முழங்கால் வலியால், டி.வி.க்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில். மூன்றாம் மாடி வேணி, பால்கனிக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில். எதிர் வீட்டு மகாலட்சுமி, மைதாப் பசைக் கிண்ணத்தோடு சமையலறை வாசலை ஒட்டி. மணிமேகலை நடுவில், கத்தரிக்கோலும் அட்டையுமாக. மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். போட்டால் காகித இதழெல்லாம் சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

சித்திரை உற்சவத்துக்கு அபார்ட்மெண்ட் கேட்டில் ஒரு தோரணம் கட்ட வேண்டும், கடையில் வாங்காமல் குப்பைக்குப் போகிற சாமானில் நாமே செய்ய வேண்டும் என்பது மணிமேகலையின் யோசனை. பார்சல் பெட்டி, பற்பசை டப்பா, புடவைக்குள் வருகிற அட்டை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் தன் தம்பி ரஞ்சித்தின் பழக்கடையிலிருந்து, குழி குழியான காகிதக்கூழ்த் தட்டுகளை வேணி ஒரு கட்டு தூக்கி வந்திருந்தாள்.

“துலிப் செய்யலாமா? யூடியூப்ல பார்த்தேன்” என்றாள் வேணி.

“அது எந்த ஊர்ப் பூவோ. நம்மூர் வெயிலுக்குக் கொன்றைதான் பூக்கும்” என்றார் மாமி.

ஆகவே மஞ்சள் காகிதத்தில் கொன்றைச் சரம், தட்டின் குழிகளை வெட்டித் தாமரை என்று முடிவாயிற்று. சாயம் பிடிக்க வேண்டுமென்று குழிகளுக்கெல்லாம் முதலில் வெள்ளை பூசினாள் வேணி. பூசாத ஒன்றை மாமி எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னது, குழி குழியா?”

“ஆப்பிள் தட்டு மாமி” என்றாள் மணிமேகலை.

“அப்ப சரி. என் மடியிலயும் நாலு போடு.”

மதியத்துக்குள் தோரணம் முடிந்தது. மாமி அதை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“இதப் போய் கேட்டுக்குக் கட்டறதா? எனக்குக் குடு. நாளைக்குக் கார்த்தால பெருமாள் சித்திரை வீதியில எழுந்தருளறார். அண்ணா ஆத்து வாசல்ல கட்டறேன். அசல் பூ அவருக்கு, வாசலுக்கு இது.”

“அப்ப நம்ம கேட்டுக்கு என்ன மாமி?” என்று மகாலட்சுமி கேட்டாள்.

“கேட்டுக்குத்தான் வாட்ச்மேன் இருக்காரே, போறாதா?” என்றார் மாமி. பிறகு மணிமேகலையின் தோளைத் தட்டினார். “நம்ம மணிமேகலை கையால பண்ணினதுன்னு எல்லார்ட்டயும் சொல்லுவேன்.”

தொட்டியத்திலிருந்து குடிவந்த புதிதில் இந்தக் கட்டடத்தில் அவளை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் மாமிதான். ‘நம்ம’ என்று சேர்த்துச் சொன்னது இன்றைக்குத்தான். மாமி தோரணத்தைப் பழைய வேட்டியில் சுருட்டிக்கொண்டு கேட் அருகே நிற்கும் ஆட்டோக்காரர் டோனியின் வண்டியில் ஏறிப் போகும்வரை அவள் பால்கனியில் நின்றாள்.

கூடத்தைப் பெருக்கும்போது சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறத் துண்டு வந்தது. வெள்ளை பூசாத துண்டு. அதில் சின்னதாக ஒரு கோழி இறகு ஒட்டியிருந்தது.

மாடிக்குப் போய் வேணியிடம் காட்டினாள்.

“பழக்கடையிலேர்ந்துன்னுதானே சொன்னேன்? ஆப்பிள்னு நீங்களா சொன்னீங்கக்கா.”

“அங்க முட்டையும் விப்பாங்களா?”

“பழத்துக்குப் பக்கத்துலயே வச்சிருப்பான். ரெண்டு தட்டையும் ஒண்ணாக் கட்டிப் போட்டிருப்பான். ஊதான்னா ஆப்பிள், சாம்பல்னா முட்டை.” வேணி கொஞ்சம் யோசித்தாள். “இல்லக்கா, ஆப்பிளுக்கும் சாம்பல்ல வருது.”

“அப்ப எந்தப் பூ எதுல செஞ்சது?”

“எல்லாத்துக்கும் வெள்ளை அடிச்சாச்சேக்கா.”

கட்டாமல் மிஞ்சிய தாமரைகள் இரண்டு இருந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒன்று ஊதா. ஒன்று சாம்பல். முகர்ந்து பார்த்தால் இரண்டிலும் பெயின்ட் வாசனைதான். முட்டை நுழையாத வீட்டு வாசலில், பெருமாள் வருகிற நேரத்தில், எத்தனை ஊதா, எத்தனை சாம்பல் தொங்கப்போகிறது?

கைலாசபுரத்தில் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் கலையரசன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“காஞ்ச அட்டை. அதுல முட்டையா இருக்கு?”

“மாமி கேட்டப்ப ஆப்பிள்னு சொன்னேங்க.”

“தெரியாமத்தானே சொன்ன.”

“இப்பத் தெரிஞ்சுபோச்சே.”

“தெரியலன்னுதானே இவ்வளவு நேரமா புலம்புற?”

அவள் அவனுக்கு ரசம் ஊற்றினாள். தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாமி நாளைக்கு எல்லாரிடமும் அவள் பெயரைச் சொல்வார். சொல்லிவிட்டால் அந்த ‘நம்ம’ நிற்குமா என்பது நிச்சயமில்லை. போனில் பேசவும் வழியில்லை. காது மந்தமென்பதால் மாமி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். உற்சவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்த உறவு முழுக்கக் கேட்கும். நேரில் போனாலும் அதே கூட்டம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் எழுதியது வேணியின் மேல் பழி போடுவது போல வந்தது. கிழித்தாள். அடுத்ததில் மன்னிப்பு மூன்று இடத்தில் வந்துவிட்டது. எதற்கு மன்னிப்பு என்று தனக்கே சொல்லத் தெரியாததால் அதையும் கிழித்தாள். மூன்றாவதாக இப்படி எழுதினாள்:

‘மாமி, ஆப்பிள் தட்டு என்று நான் சொன்னது நிச்சயமாகத் தெரிந்து சொன்னதல்ல. தாமரைகளில் சில முட்டைத் தட்டில் செய்தவை. எவை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இது தோஷமா, இல்லையா என்பதும் தெரியவில்லை. பெருமாள் வருவதற்குள் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. கொன்றைச் சரம் முழுக்க வெறும் காகிதம். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தாமரைகளைக் கழற்ற ஆள் வேண்டுமென்றால் உடனே வருகிறேன். மணிமேகலை.’

கவரின் வாயில் பசை இல்லை. கிண்ணத்து அடியில் காய்ந்துகொண்டிருந்த மைதாவை விரலால் வழித்துத் தடவி அழுத்தினாள்.

கீழே டோனி இன்னொரு சவாரிக்குக் காத்திருந்தார். “மாமி கையில மட்டும் குடுங்கண்ணே.”

“பதில் வாங்கிட்டு வரணுமாம்மா?”

மணிமேகலை கவரைப் பிடித்தபடியே நின்றாள். “வேண்டாம்” என்றாள். “இல்லண்ணே, அவங்களாக் குடுத்தா வாங்கிட்டு வாங்க.”

டோனி கவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஆட்டோ அம்மா மண்டபம் ரோட்டில் ஏறிக் கோபுரத்துப் பக்கம் திரும்பியது. அவள் விரலில் பசை இன்னும் காயவில்லை.