ரத்தத்தை ஓட்டும் வௌவால்

ஆவூருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞானமணி வாத்தியாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சமஸ்தானத்து இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் வந்து, ‘ஜீவசாஸ்திரம் திருப்தி’ என்று ஒரு வரி எழுதினால் ஆகிவிடும். எழுதாவிட்டால் மாமனாரின் கடலைக்கொல்லையில் களை வெட்ட வேண்டியதுதான். களையை வெட்டிவிடலாம், மாமனார் வாயை என்ன செய்வது?

இன்ஸ்பெக்டர் தர்க்கத்தில் பி.ஏ. ஜீவசாஸ்திரத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு ஒரு பழைய நோட்டு. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. ஒன்பது வருஷமாக அதே கேள்விகள், அதே வரிசை. ஆகவே அந்த வட்டாரத்தில் யாரும் பாடம் நடத்துவதில்லை. முதல் பிள்ளைக்கு முதல் விடை, இரண்டாம் பிள்ளைக்கு இரண்டாம் விடை என்று சுண்டல் மாதிரி பங்கிட்டுவிடுவார்கள். ஞானமணியும் பங்கிட்டார்.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டரின் நோட்டில் கரையான் புகுந்துவிட்டது. ‘செடி எதனால் நீர் உறிஞ்சுகிறது?’ என்ற முதல் கேள்வியை முழுசாகத் தின்றுவிட்டு, விடைப் பக்கத்தைத் தொடாமல் விட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் இதைக் கவனிக்கவில்லை. கவனிப்பதெல்லாம் அவர் உத்தியோகத்துக்குக் குறைச்சல். மிஞ்சியதில் முதலாவது கேள்வியைப் படித்தார்.

“தவளை எதனால் சுவாசிக்கிறது?”

“வேரால்ங்க!” என்றான் முதல் பையன்.

இன்ஸ்பெக்டர் வலப்பக்கத்து முதல் வரியில் விரலை வைத்துப் பார்த்தார்.

“பேஷ்! சிலந்திக்கு எத்தனை கால்?”

“நுரையீரல்ங்க!”

“பேஷ், பேஷ்! குட்டி போட்டுப் பறக்கும் பிராணி எது?”

“எட்டுங்க!”

“அப்படிச் சொல்லு! உடம்பில் ரத்தத்தை ஓட்டுவது எது?”

முத்தாளின் முறை. அவள் பங்குக்கு வந்தது வௌவால். அவள் கொஞ்சம் யோசித்தாள். “இருதயம்ங்க.”

“தப்பு! வௌவால்.”

“ரத்தத்தையாங்க?”

“சீமையில பெரிய பெரிய பண்டிதாள் ஆராய்ஞ்சு கண்டது. ஒனக்கு மாத்திரம் இருதயமோ?”

முத்தாள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். “எனக்கு இருதயந்தாங்க. ஐயாவுக்கு எப்புடின்னு தெரியலை.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் பிரம்பை எடுத்தார். முத்தாள் கையை நீட்டினாள். ஞானமணியின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“ஐயா, அந்தப் புள்ள சொன்னதுதாங்க சரி. மத்த மூணுந்தான் தப்பு.”

பிரம்பு இறங்கவில்லை. பேனா இறங்கியது. ‘மாணவர்கள் நன்று. ஆசிரியருக்குத்தான் அடிப்படை அறிவு இல்லை. புதுக்கோட்டைக்கு வரவழைத்துத் தனியே பரீட்சிக்கவும்.’

பரீட்சிக்கப்போகிறவரும் அவர்தான். அதே நோட்டுதான்.

புறப்படும்போது மனைவி செபமாலை வாசல்வரை வந்தாள். “ஒங்க நெஞ்சுல என்ன இருந்தா எனக்கென்ன? அவுக நோட்டுல இருக்கிறதைச் சொல்லிட்டு வாங்க. எங்க அப்பாரு களைக்கொட்டைத் தீட்டி வச்சுருக்காக.”

ஆபீசில் தவளை வேரால் மூச்சு விட்டது. சிலந்தி நுரையீரலால் நடந்தது. எட்டு என்ற பிராணி குட்டி போட்டுப் பறந்தது.

“ரத்தத்தை ஓட்டுவது?”

முத்தாள் நீட்டிய கை ஞாபகத்துக்கு வந்தது. கூடவே களைக்கொட்டும் வந்தது.

“வௌவால்ங்க.”

“பார்த்தீரா? கொஞ்சம் படிச்சா ஒமக்கும் வருது!” என்று இன்ஸ்பெக்டர் ‘திருப்தி’ எழுதினார்.

திங்கட்கிழமை ஞானமணி வகுப்பில் நுழைந்ததும் முத்தாள் எழுந்தாள். “சார், பாஸாயிட்டீங்களா?”

“ஆயிட்டேன்.”

“ரத்தத்தை எது ஓட்டுதுன்னு சொன்னீக?”

ஞானமணி சாக்கட்டியைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

“கணக்கு நோட்டை எடுங்க,” என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.